நகலெடுத்த வரி

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
எலிசேயோ மான்சில்யா முதல் முறை அப்படித்தான் வந்தார்,
கயிற்றை விட்ட கை நேரே இடுப்புக்குப் போக.

நண்டுப் படகுக்காரர். வயது ஐம்பத்திரண்டு.
கூண்டுகளை இழுத்திழுத்து வளைந்த முதுகு.
இந்தத் துறைமுகத்தில் முதுகுவலி என்று வருகிறவர்களில்
முக்கால்வாசிப் பேருக்குக் கடல்தான் காரணம்.
பணியில் இருந்தவர் எழுதினார்: தசைப்பிடிப்பு.
ஊசி, மாத்திரை, மூன்று நாள் ஓய்வு.
நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

எழுதவும் செய்தேன்.
ஐந்தாம் நாள், இரவு இரண்டு மணி.
திரையில் அந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது,
நான் வருமுன்பே நாற்காலியைப் பிடித்துக்கொண்ட
வயதில் மூத்தவர்போல.
எழுப்ப மனம் வரவில்லை.
பக்கத்தில் 'குறையவில்லை' என்று மட்டும் சேர்த்தேன்.
வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.
இதைச் சாக்காகச் சொல்லவில்லை.
பிற்பாடு எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர்.

அதே திரையில், விரலால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால்
நர்ஸ் யாஸ்னா எழுதியது தெரிந்திருக்கும்:
காய்ச்சல் முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
வலது நடுவிரலில் சிவந்த புண்,
நண்டு முள் குத்தியதாம், மூன்று வாரமாக ஆறவில்லை.
ஒரு தள்ளு.

மனைவி நேலிதா கதவைப் பிடித்தபடி சொன்னார்:
"படியேறும்போது இடது கால்
இவருடையது மாதிரியே இல்லை, டாக்டர்."
வலி அப்படித்தான் நடக்க வைக்கும் என்றேன்.
ஆறுதலாகப் பேசிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை அவர் நடந்து வரவில்லை.
தண்டுவடத்தை ஒட்டிச் சீழ்.
விரலில் நுழைந்த கிருமி ரத்தத்தில் ஏறி,
அவசரமே இல்லாமல்,
நாங்கள் தசை தசை என்று எழுதிக்கொண்டிருந்த நாட்களில்
முதுகெலும்புக்குள் குடியேறியிருந்தது.
அன்றிரவே அறுத்தார்கள்.
உயிர் இருக்கிறது. வலது கால் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை கூடினோம்.
யார் செய்த தவறு என்று கேட்கக்கூடாது,
எப்படி நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.
அது நல்ல விதி. ஆனாலும்
எழுந்து நின்றபோது என் முழங்காலுக்கு அந்த விதி தெரியவில்லை.
நான் எழுதிய வரியை நானே வாசித்தேன்.
பாதி வரி என்னுடையதே அல்ல.

நேலிதாவையும் அழைத்திருந்தோம்.
அழவில்லை. திட்டவும் இல்லை.
"எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் கேட்டீர்கள்.
வேறென்ன என்று ஒருவர் கேட்டிருந்தால்
விரலைக் காட்டியிருப்பார்.
முதுகுக்கு வந்த இடத்தில்
விரலைப் பற்றி எவன் பேசுவான்?"
பிறகு, காபி ஆறிவிட்டது என்றார்.

இப்போது, அதே வலியோடு ஒருவர் திரும்பி வந்தால்
பழைய முடிவைத் திரை மறைத்து வைக்கிறது.
நாம் தொட்டுப் பார்த்து, கேட்டு,
நம்முடைய சொல்லை எழுதிய பிறகே அது தெரியும்.
நர்ஸின் குறிப்புதான் முதலில் வருகிறது.
கடைசியில் ஒரு காலிக் கட்டம்: வேறென்ன?
களைத்த இரவுகளில் அதில்
ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.
நானும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியை,
வயிற்றுவலி, இரண்டாம் முறை.
வேறென்ன என்று கேட்டேன்.
நெடுநேரம் யோசித்துவிட்டு
ஒன்றுமில்லை என்றார்.
ஒன்றுமில்லைதான், வெறும் இரைப்பைப் புண்.
அந்த இரண்டு நிமிடம் வீணா என்று
யாஸ்னாவிடம் கேட்டேன்.
அவர் அடுத்தவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டார்.

நேற்று காற்று.
வங்கி முனையில் எலிசேயோ எதிரே வந்தார்,
ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கயிறு.
"வேறென்ன, டாக்டர்?" என்றார்,
வழியில் பார்க்கிற யாரும் விசாரிப்பதுபோல.
அதற்கு மேல் அதில் ஏதும் இருந்ததா, தெரியாது.
கயிறு ஒன்றுதான்.
ஒருவர் கையை எடுத்தால்தான் மற்றவர் கடக்க முடியும்.
நான் எடுத்தேன்.